ஆழ்கடல் ஆட்டங்கள் – 9: சுடாமல் திரும்பும் வேலை

சென்ற வாரம் டார்பிடோக்களை ஏமாற்றும் வழிகளைப் பார்த்தோம். இந்த வாரம், ஒரு டார்பிடோகூட குழாயை விட்டு வெளியே வரக் கூடாத மிஷன்கள். ஒற்று வேலை. கடற்போர் கேம்களில் ஆடுவதற்கு மிகக் கடினமானது இது. வடிவமைப்பவர்கள் அதிகம் கெடுத்துவைத்திருப்பதும் இதையே. மிஷன் சுலபமாக இருக்கிறதே என்று தோன்றினால் இன்னும் நான்கு டெஸ்ட்ராயர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆடுபவரும் வேறு வழியின்றிச் சுட ஆரம்பிக்கிறார். அத்தோடு ஒற்று வேலை முடிந்து சாதாரணச் சண்டை தொடங்கிவிடுகிறது.

நிஜத்தில் கஷ்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள, ஹாலிபட் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் கதையைப் படித்தாலே போதும்.

காம்சட்கா தீபகற்பத்தில், பெட்ரோபாவ்லோவ்ஸ்க் அருகே சோவியத் நீர்மூழ்கித் தளம். பசிபிக் கடற்படையின் தலைமையகமோ விளாடிவஸ்தோக்கில். நடுவில் ஓகோட்ஸ்க் கடல். ரேடியோவில் பேசினால் எதிரி ஒட்டுக்கேட்பான். ஆகவே கடலடியில் ஒரு கேபிள் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவின் கேப்டன் ஜேம்ஸ் பிராட்லி கணித்தார். அவ்வளவு பெரிய கடலில் அதை எங்கே போய்த் தேடுவது? சிறுவயதில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பார்த்த எச்சரிக்கைப் பலகைகள் அவருக்கு நினைவு வந்தன: இங்கே கேபிள் போகிறது, நங்கூரம் போடாதீர்கள். சோவியத் கரையிலும் படகுக்காரர்களுக்கு அப்படி ஒரு பலகை வைத்திருப்பார்கள் அல்லவா! 1971-ல் ஹாலிபட் கரையோரமாக ஊர்ந்து, பெரிஸ்கோப் வழியே பலகையைத் தேடிப் பிடித்தது. பிறகு கேபிளையும் கண்டுபிடித்தது.

கேபிள் கிடந்த ஆழம் சுமார் 120 மீட்டர். ஹாலிபட்டின் நீளமே ஏறக்குறைய 107 மீட்டர். ஆபத்து வந்தால் ஆழத்தில் இறங்கி மறைந்துகொள்வோம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. முக்குளிப்பவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி, கப்பலின் முதுகில் இருந்த அழுத்த அறையிலிருந்து இறங்கி, கேபிளைச் சுற்றி ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கேபிளை வெட்டவோ துளைக்கவோ இல்லை. உள்ளே ஓடும் சைகைகளை வெளியிலிருந்தே மின்தூண்டலால் பிடித்து நாடாவில் பதிவு செய்தது அந்தக் கருவி. அவர்கள் வெளியே இருக்கும்வரை கப்பல் நகர முடியாது. மேலே ஒரு புரொப்பெல்லர் சத்தம் கேட்டாலும் அசையாமல் கிடக்க வேண்டியதுதான்.

ஒற்று மிஷனின் உயிர் இருப்பது இந்த நேரத்தில்தான். எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டாமல், கப்பலை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிட்டாலே மிஷன் கடினமாகிவிடும்.

காரணம் சோனாரில் இருக்கிறது. காதால் மட்டும் கேட்கும் சோனார், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றுதான் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. தூரம் தெரிய வேண்டுமானால் நம் கப்பல் திரும்பி ஓட வேண்டும். அப்போது சத்தத்தின் திசை எப்படி மாறுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' (2005) கேமில் அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பழகலாம். நங்கூரமிட்டுக் கிடக்கும் கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. திசை விலகிக்கொண்டே போனால் வருபவன் கடந்துபோகிறான். திசை மாறாமல் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தால், நேராக நம்மை நோக்கி வருகிறான். அந்தச் சில நிமிடங்களில் ஆடுபவரின் நெஞ்சு படும் பாட்டை எந்த டார்பிடோ சண்டையும் தராது.

'கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்' (2019) கேமின் எடிட்டரில் இதைக் கட்டுவதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. முக்குளிப்பவர்களைக் காட்ட முடியாவிட்டாலும், குறிப்பிட்ட பகுதிக்குள் கப்பல் இத்தனை மணி நேரம் தங்கினால் புள்ளி என்று நிபந்தனை வைக்கலாம். கப்பல் கண்டறியப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் தனி நிகழ்வு உண்டு. எதிரிக்கு ஏதோ ஒரு பொருள் என்று மட்டும் தெரிகிறதா, நீர்மூழ்கி என்றே தெரிந்துவிட்டதா என்பதைக்கூட அதில் பிரித்துவைக்கலாம். முதலாவதற்குச் சிறு இழப்பு. இரண்டாவதற்கு மிஷனே தோல்வி. சோவியத் தரப்பை ஆரம்பத்திலேயே பகையாக வைக்காதீர்கள். நாம் அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது, ஆகவே தேடவும் கூடாது. மீன்பிடிப் படகுகள், சரக்குக் கப்பல்கள், எப்போதாவது ஒரு ரோந்துக் கப்பல். யார் எங்கே தோன்றுவார்கள் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை ஆடுபவர் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருப்பார்.

கண்டுபிடிக்கப்பட்டதும் திரையில் அறிவிப்புப் போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நிஜத்தில் எந்தக் கேப்டனுக்கும் அப்படித் தந்தி வரவில்லை. ரோந்துக் கப்பல் திசை திரும்புவதை வைத்து ஆடுபவரே ஊகிக்கட்டும். புள்ளிக் கணக்கு மிஷன் முடிந்தபின் தெரிந்தால் போதும்.

ஆடுபவருக்கு ஒரு வார்த்தை: நேரத்தை வேகமாக ஓட்டும் பட்டனில்தான் பல மிஷன்கள் தோற்கின்றன. உள்ளே நுழையும்போது ஐந்து நாட் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். பெரிஸ்கோப்பை உயர்த்துமுன் சுற்றிலும் ஒருமுறை கேளுங்கள். பதிவு முக்கால்வாசி முடிந்த நிலையில் சந்தேகம் வந்தால், கிடைத்ததோடு கிளம்பிவிடுங்கள். வடிவமைப்பவரும் அந்த முக்கால்வாசிக்குப் புள்ளி கொடுக்க வேண்டும். பின்வாங்குவதற்கு மதிப்பில்லாத ஒற்று மிஷன் ஆடுபவரைச் சூதாடியாக்கிவிடும்.

ஹாலிபட் தொடங்கிவைத்த ஒட்டுக்கேட்பின் கதை கடலுக்கு வெளியே முடிந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வில் வேலை பார்த்து விலகிய ரொனால்ட் பெல்டன், கடனில் சிக்கி, 1980 ஜனவரியில் வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்குள் நுழைந்தார். 35,000 டாலருக்குக் கேபிள் ரகசியம் கைமாறியது. 1981-ல் அந்த இடத்தின் மேல் சோவியத் கப்பல்கள் கூடி நிற்பதைச் செயற்கைக்கோள் காட்டியது. பார்ச் என்ற நீர்மூழ்கி போய்ப் பார்த்தபோது கருவியைக் காணோம்.

இதைக் கேமில் வைக்கலாமா? ஆடுபவரின் தவறே இல்லாமல் அவரைத் தோற்கடிப்பது அநியாயம் என்பார்கள் சிலர். ஒரே மிஷனுக்குள் வைத்தால் அநியாயம்தான். தொடர் மிஷன்களில் ஒன்றாக வைக்கலாம்: நாடாவை மாற்றிவரப் போகிறவர் வெறும் கடலடியைத்தான் காண்பார். அங்கே அவருக்கு இருக்கும் வேலை, மேலே காத்திருப்பவர்களிடம் சிக்காமல் அந்தச் செய்தியோடு ஊர் திரும்புவது. முழுப் புள்ளியும் அதற்கே கொடுப்பேன்.

(தொடரும்)