உங்களுக்குத் தெரியுமா? 2,14,74,83,647 என்ற எண்ணின் சிறப்பு

● 31 இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் கிடைப்பது 2,14,74,83,647. இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது.

● இதை 1772-இல் உலகுக்கு அறிவித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவர் பார்வையை அநேகமாக முழுவதும் இழந்திருந்தார். இந்த எண்ணை ஏதேனும் ஓர் எண் வகுக்குமானால், அந்த எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்கும். அத்தகைய எண்களை 46,340 வரை மட்டும் சோதித்தால் போதும் என்பதே அவர் கண்ட அருமையான குறுக்குவழி.

● இதை 30 இரண்டுகளின் பெருக்கற்பலனோடு பெருக்கினால் 19 இலக்கமுள்ள ஒரு செவ்விய எண் வரும். அதன் வகுஎண்களை, அந்த எண்ணை விட்டுவிட்டுக் கூட்டினால், மீண்டும் அதே எண்!

● கணினியில் 32 பிட் இடத்தில், குறை எண்களுக்கும் இடம் விட்டு எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை இம்முறையில் எண்ணிவரும் பழைய கணினிகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எல்லை வந்துவிடும். அதற்குள் அவற்றை 64 பிட்டுக்கு மாற்றியாக வேண்டும்.