பின்செல்வோர் கடமை

ஓசூரில் சந்திரசூடேசுவரர் தேர் ஓடுங்கால் வடம் பிடிப்போர் பலர். சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவோர் சிலர். முன்னவர் இன்றேல் தேர் அசையாது. பின்னவர் இன்றேல் நெறி தவறும். தொழிற்சாலையும் அத்தகையதே.

அவ்வூரில் ஈருருளி வண்டிகள் செய்யும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002ஆம் ஆண்டில், தரத்துக்குரிய ஜப்பானிய டெமிங் பரிசைப் பெற்றது. அத்தகைய சிறப்பு மேலாளர் திறத்தால் மட்டும் விளைவதன்று. ஜப்பானில் 1962இல் தோன்றியது தரவட்ட முறை. அதன்படி, ஒரு பணி புரியும் தொழிலாளர் சிலர் கூடிப் பழுதைக் கண்டு, காரணம் ஆராய்ந்து, தீர்வை மேலோர்க்கு உரைப்பர். அதனைச் செவிமடுத்தல் தலைவன் கடமை.

மாணவர்களே! ஏவியதைச் செய்தல் மட்டும் தொண்டன்று. பழுது கண்டவிடத்து அஞ்சாது, பணிவோடு எடுத்துரைத்தலும் தொண்டே. கண்டும் வாய் மூடியிருப்போர் தலைவனுக்குத் துணையாகார்.