பழைய கெப்புக்கு என்ன விலை கொடுக்கலாம்?

தோட்டத்தில் வேலை செய்த பெண் 50 வயதில் ஈ.பி.எஃப். பணத்தை எடுக்கலாம். ஆணுக்கு 55. அந்தப் பணம் வந்து சேர்ந்த வீட்டில் வேலை தேடும் மகன் ஒருவன் இருந்தால், அடுத்த பேச்சு பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான். மரக்கறி ஏற்றலாம், மணல் ஏற்றலாம், டவுனில் ஹயர் ஓடலாம். புது வண்டி எட்டாத விலை. ஆகவே பழைய கெப்.

ஹட்டனில் என் கராஜுக்கு இந்த யோசனையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்குச் சொல்வேன். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாள் சம்பளப்படி பார்த்தால், 10 லட்சம் ரூபாய் என்பது 740 நாள் கொழுந்து பறித்த கூலி. புரோக்கர் “ஒரு லட்சம்தானே தம்பி, கூடக் குறைய இருக்கட்டும்” என்று தோளைத் தட்டும்போது, அம்மா 74 நாள் கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்கிய கூலியைத்தான் கேட்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி இரண்டு. எந்த வருஷம்? எத்தனை கிலோமீற்றர்? இரண்டுமே நம் நாட்டில் பாதிப் பதில்தான். வண்டி பழையதாகப் பழையதாக விலை இறங்கும் என்பது மற்ற இடங்களில் நடப்பது. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாய் வரை போனது. புது வண்டி வராத அந்த வருஷங்களில் வீட்டு வாசலில் சும்மா நின்ற கெப்பும் விலை ஏறியது. துருப்பிடித்தபடியே ஏறியது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்குக் கதவு திறந்தும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வண்டி சாதாரண ஆளுக்குக் கைக்கெட்டவில்லை. ஆகவே விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் விலை, வண்டியின் தரத்துக்கான விலை அல்ல. நாட்டில் வண்டி தட்டுப்பாடாக இருந்ததற்கான விலையும் அதில் கலந்திருக்கிறது.

அந்த விளம்பர விலையும் கேட்கும் விலைதான், கொடுத்த விலை அல்ல. அதே மொடல், அதே வருஷம், அண்மையில் கைமாறிய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, “உண்மையில் எவ்வளவு கொடுத்தீர்கள், அண்ணே?” என்று வாங்கியவரிடமே கேளுங்கள். தலவாக்கலையில், நுவரெலியாப் பொருளாதார மையத்தில், மரக்கறி லொறி நிற்கும் இடங்களில் விசாரித்தால் சொல்வார்கள். லீசிங் கம்பெனி மதிப்பீட்டாளர் போடும் விலையையும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் பார்ப்பது கம்பெனி கொடுக்கும் கடன் திரும்பி வருமா என்பதை. உங்கள் பணத்துக்கு அவர் காவல் இல்லை.

இனி வண்டி. அது முன்பு எங்கே, என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். நான் கிலோமீற்றரைவிட இதற்குத்தான் மதிப்புக் கொடுப்பேன். கொழும்பில் அலுவலக வேலைக்கு ஓடிய 2 லட்சம் கிலோமீற்றரும், மஸ்கெலியாப் பக்கம் கல் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே முனகிய 1 லட்சம் கிலோமீற்றரும் ஒன்றல்ல. மீற்றரைத் திருப்பிவிடலாம், கிளட்ச் பெடலில் தேய்ந்துபோன ரப்பரையும் ஸ்ப்ரிங் பட்டையில் விழுந்த வெடிப்பையும் திருப்ப முடியாது. நீர்கொழும்புப் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் நான் தயங்குவேன். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கால் வழிந்து சேசியை உள்ளிருந்தே அரித்திருக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டியும் அப்படித்தான். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் நம் ஊர் ஈரத்தில் கசிந்தால் இரும்பு தாங்காது.

அதனால் முதலில் கீழே படுங்கள். வண்டியைச் சுற்றி நடந்து பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. டிங்கர் பாஸ் ஒருவர் ஒரு வாரத்தில் எந்தப் பொடியையும் மினுக்கித் தருவார். ஒரு சின்னச் சுத்தியலோடு சேசி நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அது போலத்தான். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இரும்பு ‘டொக்’ என்று அமுங்கும். பின் ஸ்ப்ரிங் பட்டையைச் சேசியோடு பிடிக்கும் இடத்துக்கு மேலே கையை விட்டுப் பாருங்கள். சேறு போய் அடைந்து வருஷக்கணக்காக ஈரமாகவே கிடக்கும் மூலை அது. விரலுக்குப் பொருக்கு பொருக்காகத் துரு வந்தால் விலைப் பேச்சை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். பழைய வண்டியில் சேசி மட்டும் புதிதாகக் கறுப்புத் தார் பூசிப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வரும். மழைக்காலத்துக்கு முன் அண்டர்கோட் அடிப்பது நல்ல பழக்கம். விற்கப் போகும் வாரத்தில் அடிப்பது வேறு.

என்ஜினை விடியற்காலையில் பாருங்கள், ஆறு மணிக்கு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் ஊர். டீசல் என்ஜினின் உண்மை அந்தக் குளிரில்தான் தெரியும். போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் ஹீட்டர் பிளக் சூடானதும் ஒரு சுற்றில் பிடித்தால் நல்லது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகை என்றால் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் வேலை. வெள்ளைப் புகை சூடேறிய பின்னும் நிற்காவிட்டால், எரியாத டீசலாக இருக்கலாம், அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. அது பெரிய செலவு. ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றி வாயின் மேல் சும்மா வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜூன் கடைசியில் டீசல் 460 ரூபாய், மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 340 ஆகும்வரை அதைக் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அன்று அடுப்பு எரிய வேண்டியிருந்தது. ஆனால் பம்புக்கு வழுக்கல் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்தக் குணம் குறைவு. அந்தக் காலத்தில் ஓடிய வண்டியா என்று கேட்டு, பம்ப் வேலைக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டே விலை பேசுங்கள். எல்.என்.106 ஹைலக்ஸ் போன்றவற்றில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். 1 லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அறுந்தால் வால்வும் சேர்ந்து போகும்.

பிறகு ரோட்டுக்கு எடுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் ஏ7 வீதி போதும். இரண்டாவது கியரில் விட்டு, பிரேக்கை மிதிக்காமல் இறக்குங்கள். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டி மலைநாட்டுக்கு உதவாது. இறங்கி முடித்ததும் பிரேக் பெடல் ஆழமாகப் போகிறதா, வீல் பக்கம் கருகல் வாடை வருகிறதா பாருங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நடந்த விபத்தில் 7 பேர் இறந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. நம் வீதிகளில் கெட்ட பிரேக்குக்கு விலையைக் குறைத்துக் கேட்பது மட்டும் போதாது. சரிசெய்யாமல் வீட்டுக்கு ஓட்டி வராதீர்கள்.

வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதிவுப் புத்தகம் சரியில்லாவிட்டால் நான் வேண்டாம் என்பேன். ‘ஓப்பன் பேப்பர்’ வியாபாரம் இங்கே சாதாரணமாக நடக்கிறது. உரிமை மாற்றும் படிவத்தில் முதல் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்க, வண்டி நாலைந்து கை மாறி வரும். கடைசியில் வாங்குகிறவர் அந்த முதல் ஆளைத் தேடி அலைவார். 2022இல் எரிபொருள் கியூ.ஆர். அட்டைக்குச் சேசி எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டிவந்தபோது, காகிதம் ஒழுங்கில்லாதவர்கள் பட்ட பாட்டை ஷெட்டுக்கு முன்னால் பார்த்தோம். புத்தகத்தில் உள்ள சேசி எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பொறித்த எண்ணைச் சுற்றி உரசிய அடையாளம் இருந்தால் அத்தோடு கிளம்பிவிடுங்கள். லீசிங் கம்பெனியின் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம், வருமான அனுமதிப்பத்திரம் வருஷக்கணக்காகப் பாக்கியாக இருக்கலாம். அந்தச் செலவும் விலையில் கழிய வேண்டும். லொறி என்று பதிவாகியிருந்தால் ஒவ்வொரு வருஷமும் தகுதிச் சான்றும் எடுக்க வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

லேண்ட் ரோவர் மட்டும் தனிக் கணக்கு. 1948இல் வந்த அந்த வண்டிக்கு, போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாட்டால் அலுமினியக் கலவையில் பொடி செய்தார்கள். பொடி அப்படியே இருக்கும், அடியில் இரும்புச் சேசி அரித்திருக்கும். நம் பக்கத்தில் பலவற்றுக்கு ஜப்பான் டீசல் என்ஜின் போட்டிருக்கிறார்கள். உழைப்புக்கு அது நல்லதுதான், மாற்றிய என்ஜின் புத்தகத்தில் ஏறியிருந்தால்.

எல்லாம் பார்த்த பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, கேட்பது 30 லட்சம், அதே போன்ற நல்ல வண்டி கைமாறியது 28 லட்சத்துக்கு என்று வைப்போம். நான்கு டயர் 1 லட்சத்து 80 ஆயிரம், கிளட்ச் 80 ஆயிரம், பம்ப், இன்ஜெக்டர் 1 லட்சத்து 50 ஆயிரம், சேசி ஒட்டு வேலை 1 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 5 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் 22 லட்சத்து 70 ஆயிரம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு இன்னும் 1 லட்சம் கழியுங்கள். ஒட்டிய சேசி ஒட்டாத சேசி ஆகாது என்பதால் நான் 21 லட்சத்துக்கு மேல் போகமாட்டேன்.

அந்தத் தாளை வண்டிக்காரரிடமே காட்டிப் பேசுங்கள். நேர்மையான ஆள் என்றால் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்வார், சிலதை ஒப்புக்கொண்டு இறங்கியும் வருவார். கோபப்பட்டால் விடுங்கள், அடுத்த வாரம் இன்னொரு வண்டி வரும். விலை படிந்தால் அட்வான்ஸைச் சிறிதாகக் கொடுத்து, ரசீதில் சேசி எண்ணை எழுதி வாங்குங்கள். மிச்சப் பணம், புத்தகத்தில் பெயர் உள்ளவரே அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போடும் அன்றைக்கு.