பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாத பிள்ளைகள்

2021-ல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கையில் அப்படி ஒரு சான்றிதழ்தான் வந்து சேர்ந்தது. அவர்களில் பிளஸ் டூ வரை வந்தவர்கள் 2023 ஏப்ரலில் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். இன்று ஒரு கல்யாண வீட்டிலோ ஊர்த் திருவிழாவிலோ அவர்கள் ஒன்றுசேர்ந்தால், மற்ற எல்லோரையும் போல அவர்களும் பள்ளிக்கூடக் கதைதான் பேசுகிறார்கள். ஆனால் அண்ணன்மார், அக்காமார் பேசுவதைப் போல ஆறாம் வகுப்பில் ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடிகிற கதையாக அது இருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அறுந்து, பதினொன்றில் மறுபடி தொடங்குகிறது.

அறுந்தது 2020 மார்ச் 17 அன்று. கொரோனா காரணமாக மார்ச் 31 வரை பள்ளிகளுக்கு விடுமுறை என்று முந்தைய நாள் அறிவித்திருந்தார்கள். பதினைந்து நாள் லீவு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அடுத்த வகுப்பின் பெஞ்சில் அவர்கள் உட்காரப் பத்து மாதம் ஆயிற்று.

அந்தப் பத்து மாதத்தைப் பற்றித்தான் இந்த வகுப்புக்காரர்கள் அதிகம் பேசுகிறார்கள். அதைப் பள்ளி வாழ்க்கை என்று சொல்வதா கூடாதா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட அந்த அலைவரிசை, ஓர் ஆண்டுக்குள் ஒரு தலைமுறைக்கே வகுப்பறையாக மாற வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் கிளாஸ் டீச்சர் ஒரு குரூப் தொடங்கினார். கணக்கு சார் கரும்பலகையைப் படம் பிடித்து அதில் அனுப்பினார். வீட்டில் ஒரே ஒரு செல்போன் இருந்து, அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அன்றைய பாடம் இரவு எட்டு மணிக்கு மேல்தான். சார்ஜ் தீர்ந்துவிட்டது, நெட் பேக் முடிந்துவிட்டது, தம்பிக்கும் அதே நேரத்தில் ஆன்லைன் கிளாஸ். இவற்றுக்கு நடுவே படித்தவர்கள் இருக்கிறார்கள். படிக்காமல் போனவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும் பள்ளிகள் திறந்தன. வாசலில் காய்ச்சல் பார்த்து, கையில் சானிடைசர் ஊற்றி, இடைவெளி விட்டு உட்கார வைத்தார்கள். பத்து மாதத்தில் பையன்களுக்குக் குரல் உடைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்த குள்ளப் பையன், முகக்கவசத்துக்குள் அரும்பு மீசையோடு வந்து நின்றால் டீச்சருக்கு அடையாளம் தெரிவதில்லை. கண்ணைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்தது. பொதுத்தேர்வு வரும் என்ற நம்பிக்கையில் ஸ்பெஷல் கிளாஸும் டெஸ்ட்டும் ஆரம்பமாயின.

பிப்ரவரி 25 அன்று சட்டப்பேரவையில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வகுப்புகளுக்கும் தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் வகுப்புகள் நடந்தன. தேர்வு இல்லாத பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் இவர்களுக்கு முன்னால் அனுபவித்தவர்கள் ஒரே ஒரு பேட்ச்தான். அந்த 2020 பேட்சுக்குக்கூட காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை வைத்து மார்க் போட்டார்கள். இவர்களுக்கு அதற்கும் வழியில்லை. மார்ச் 22 முதல் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டன. பத்தாம் வகுப்பு என்று இவர்கள் பள்ளியில் கழித்தது மொத்தமே இரண்டு மாதம்.

தேர்வு ரத்தானதில் எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நன்றாகப் படித்த பிள்ளைகள் பலருக்கு அது பெரிய ஏமாற்றம். பத்தாம் வகுப்பு மார்க் என்பது தமிழ்க் குடும்பங்களில் வெறும் எண் அல்ல. உறவினர் கேட்கிற முதல் கேள்வி அது. ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸ் குரூப்பா என்று தீர்மானிப்பதும் அதுதான். பிற்பாடு வேலைக்கு மனுப் போடும்போதும் அது தேவைப்படுகிறது. கிராம அஞ்சல் ஊழியர் பணிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தப் பேட்ச் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி, அதை அச்சடித்த நாளிலேயே அதோடு சேர்ந்து பிறந்துவிட்டது.

2021 செப்டம்பர் 1 அன்று பதினோராம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டப் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வகுப்பில் பாதி முகம் புதுசு. ஊரடங்கில் வருமானம் விழுந்த குடும்பங்கள் தனியார் பள்ளிகளில் கட்டணம் கட்ட முடியாமல் லட்சக்கணக்கில் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு மாற்றியிருந்த ஆண்டு அது. ஆங்கில வழியில் படித்துவிட்டு வந்தவளும், எட்டாம் வகுப்பு முதல் அதே பள்ளியில் படித்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் இயற்பியல் சமமாகவே புரியவில்லை. இந்தப் பேட்சின் நட்புகளில் அழுத்தமானவை இந்தக் காலத்தில்தான் உருவாயின. இழந்ததை ஈடுகட்டுகிற அவசரம் எல்லோரிடமும் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்பது போல் பேசித் தீர்த்தார்கள்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து இரண்டு வாரம் பள்ளியை மூடியது. பிறகு மே மாத வெயிலில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு. இவர்கள் வாழ்க்கையிலேயே முதல் பொதுத்தேர்வு அதுதான். ஹால் டிக்கெட் என்ற தாளை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. விடைத்தாளின் முகப்பில் எங்கே கையெழுத்துப் போடுவது, கூடுதல் தாளை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் பத்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய விஷயங்கள். ஜூன் 27 அன்று முடிவு வந்தது. தேர்ச்சி 90.07 சதவீதம். அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வே இன்று இல்லை. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது அதை நீக்கினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புதான் இவர்களுக்கு முழுசாகக் கிடைத்த ஒரே ஆண்டு. 2022 ஜூனில் வகுப்பு தொடங்கி, பிரேயர், பி.டி. பீரியட், ஆண்டுவிழா, ரெக்கார்டு நோட்டு, பிராக்டிகல், ரிவிஷன் டெஸ்ட் என்று எல்லாமே திரும்பி வந்தன. பதினோராம் வகுப்பில் தர வேண்டிய விலையில்லா சைக்கிள், இவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகு 2022 ஜூலையில்தான் வரத் தொடங்கியது. முந்தைய பேட்சுகளுக்குக் கிடைத்த லேப்டாப் வரவே இல்லை. ஆனாலும் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது யாரும் குறை சொல்வதில்லை. சாதாரணமாக ஓர் ஆண்டு நடந்ததே பெரிய கொடுப்பினையாக இருந்தது அவர்களுக்கு.

தமிழ்நாட்டில் பள்ளியை விட்டுப் பிரிகிற வயதைப் பதினேழு, பதினெட்டாக்கியது பிளஸ் டூதான். 1978-ல் அது வருவதற்கு முன், பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி முடிந்துவிடும். அடுத்தது கல்லூரியில் பி.யூ.சி. 1980-ல் முதல் பிளஸ் டூ பேட்ச் வெளியே வந்தது முதல் பிரிவுச் சடங்குகள் பெரிதாக மாறவில்லை. ஆசிரியர்கள் நாற்காலியில், பெண்கள் அடுத்த வரிசையில், உயரமான பையன்கள் பெஞ்சின் மேல் ஏறி நிற்கிற குரூப் போட்டோ. ஆட்டோகிராஃப் நோட்டு, பிறகு ஸ்லாம் புக். கடைசிப் பரீட்சை முடிந்ததும் வெள்ளைச் சட்டையில் இங்க் தெளிப்பது. 2004-ல் சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ வந்தபோது இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிறக்கவே இல்லை. 2018-ல் ‘96’ வந்தபோது எட்டாம் வகுப்பு. இரண்டு படங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிரிவு நாள் எப்படி இருக்க வேண்டும் என்ற கனவு இருந்தது. அவர்களுக்கு மூன்று ஆண்டு மூத்த 2020 பிளஸ் டூ பேட்சுக்கு அந்த நாளே கலைந்துபோனது. மார்ச் 24, பிளஸ் டூவின் கடைசித் தேர்வு. அன்று மாலை முதல் 144 தடை உத்தரவு. பஸ் கிடைக்காமல் பலரால் தேர்வு எழுதவே வர முடியவில்லை. ஜூலையில் அவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைத்தார்கள். அதற்கடுத்த பேட்சுக்குப் பிளஸ் டூ தேர்வே ரத்து. அந்த அக்கா அண்ணன்களுக்குக் கிடைக்காததெல்லாம் 2023 ஏப்ரல் 3 அன்று இவர்களுக்குக் கிடைத்தது. இங்க் தெளிக்கக் கூடாது என்று ஹெச்.எம். எச்சரித்திருந்த பள்ளிகளிலும் தெளித்தார்கள்.

இந்த வகுப்பைப் பற்றிச் சொல்லும்போது இங்கேயே நிறுத்திவிட முடியாது. 2023 மார்ச் 13, முதல் தேர்வு, தமிழ்த் தாள். அன்று மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு எழுத வரவில்லை. செய்தி வெளியானபோது நாடே திடுக்கிட்டது. பதினோராம் வகுப்போடு நின்றுபோனவர்களின் பெயர்களும் பட்டியலில் இருந்தன என்று பின்னர் விளக்கம் வந்தது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் தினமும் வாசிக்கப்பட்ட பெயர்தானே. ஊரடங்கில் பட்டறைக்கு, கட்டட வேலைக்கு, சமையல் வேலைக்குப் போன பையன்கள் சம்பளத்தைப் பார்த்த பிறகு திரும்பவில்லை. பெண்கள் சிலருக்குக் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேர்ச்சி, 94.03 சதவீதம் என்று மே 8 அன்று முடிவு வந்தபோது, எழுதாதவர்கள் அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தார்கள்.

குரூப் போட்டோவில் இல்லாதவர்களை அவர்களுடைய தோழர்கள் மறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பாடத்துக்காக டீச்சர் தொடங்கிய அதே வாட்ஸ்அப் குரூப்தான் பல பள்ளிகளில் இன்றும் இந்தப் பேட்சின் ஊர் மந்தை. பள்ளியை நடுவில் விட்டவர்களின் எண்ணும் அதில் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்து சொல்கிறார்கள். குழந்தை பிறந்த செய்தி வருகிறது. யாருக்கோ இரத்தம் தேவை என்றால் முதலில் அதில்தான் கேட்கிறார்கள்.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். முன்னாள் மாணவர் என்றால் பெஞ்சு வாங்கித் தருகிற, பெயிண்ட் அடித்துத் தருகிற வசதியானவர்கள் என்ற எண்ணம் நமக்குண்டு. 2023 பேட்சுக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆனால் பள்ளியை நடுவில் விட்டவர்களில் யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் அப்பாவிடம் பேச வேண்டும், எந்த வீட்டில் மாமியாரிடம் பேச வேண்டும் என்பது அவர்களைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுத ஒவ்வோர் ஆண்டும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் விண்ணப்பம் வாங்குகிறது. இருபது, இருபத்தொரு வயதில் ஒருவர் அதை எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை ஆசிரியர் சொல்வதைவிட, அதே மார்க் இல்லாத சான்றிதழை வைத்திருக்கிற வகுப்புத் தோழி வீட்டுக்கே போய்ச் சொன்னால் காதில் விழும்.