கோடுகளும் பாடும்

"இந்தப் படத்தில் கதை என்ன?" அரூபத் திரைப்படம் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனால், கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஓர் இராகத்தை விரித்து வாசிக்கும்போது, அதில் கதை என்னவென்று எவரும் கேட்பதில்லையே! சொல் இல்லாத இசையைக் காது ஏற்றுக்கொள்கிறது. உருவம் இல்லாத வர்ணத்தைக் கண் ஏன் ஏற்கக்கூடாது?

கனேடியத் தேசியத் திரைப்படச் சபைக்காக நோர்மன் மக்லரனும் எவலின் லம்பார்ட்டும் 1949 இல் உருவாக்கிய 'பிகோன் டல் கெயார்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். 'சோர்வுதரும் கவலையே, அகன்று போ' என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் இப்படம் ஒஸ்கார் பீற்றர்சன் குழுவினரின் ஜாஸ் இசைக்கு அமைந்தது. இதன் வர்ணக் கோலங்களுக்குக் கமரா தேவைப்படவில்லை. நீண்ட படச்சுருளையே ஓவியத் துணியாகக் கொண்டு அதன்மேல் வர்ணம் பூசினார்கள். கூரிய முனையால் சுரண்டினார்கள்.

பியானோ விரையும்போது வர்ணங்கள் சிதறிப் பாய்கின்றன. நடுப்பகுதியில் இசை தணிகிறது. அப்போது கறுப்புத் திரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் மட்டும் நின்று நடுங்குகின்றன. ஈற்றில் மறுபடியும் வேகம். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு புள்ளி என்று வைத்திருந்தால் விரைவில் சலித்திருக்கும். இங்கோ கோடு தாளத்தோடு சேர்ந்து நடக்கிறது, விலகி ஓடுகிறது, பிறகு வந்து சேர்கிறது. அழகு அந்த விலகலிலும் சேர்தலிலுமே உள்ளது.

முல்லைத்தீவுக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டு ஓய்ந்து, மத்தளத்துக்குக் கூத்தர் ஆடிச் சுழலும்போது கதை சற்றே நின்றுவிடுகிறது. ஆனாலும் நாம் கண்ணெடுப்பதில்லை. கால் போடும் தாளத்தைக் கண்களாலும் கேட்கிறோம்.

இழப்புகளைச் சுமக்கும் எமது மண்ணில் இத்தகைய வர்ண விளையாட்டுக்கு இடமுண்டா என்று கேட்கலாம். மக்லரன் போரை அறியாதவர் அல்லர். 1936 இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் படம்பிடிக்கக் கமராவுடன் சென்றவர். 1952 இல் 'நெய்பர்ஸ்' என்ற போர் எதிர்ப்புப் படத்தைத் தந்தவர். இவ்விரண்டுக்கும் இடையில் பிறந்ததே இந்த வர்ண ஆட்டம். துயரைச் சொல்லும் கலை எமக்கு வேண்டும். துயரின் நடுவே கண்ணை மலரச் செய்யும் கலையும் வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. இசையைக் கேட்கும் பொறுமையோடு பார்த்தாலே போதும்.