அமிழும் மிதியும் அதன் காரணமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய நம்மிடம் அவர்கள் இலக்கியக் கட்டுரையையே எதிர்பார்த்திருப்பர். நாமோ மோட்டார் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

நம்மிடம் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார் ஒன்று உளது. 1948ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இவ்வகைக் கார்களை யாழ்ப்பாணத் தெருக்களில் இன்றும் காணலாம். ஒருநாள் மாலை, பாடசாலை விட்ட வேளையில், பிள்ளைகள் தெருவைக் கடக்கக் கண்டு பிரேக்கை மிதித்தோம். பஞ்சுப் பொதியில் கால் வைத்தாற்போல மிதி அடிமட்டும் அமிழ்ந்தது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக் கம்பியினால் தனியே இயங்குவது ஆதலின் அதனை இழுத்தோம். துவிச்சக்கர வண்டியில் வந்த மாணவன் ஒருவனுக்கு ஒரு முழத் தூரத்தில் கார் நின்றது.

இது திடீரென விளைந்த கேடு அன்று. அதற்கு முன்னர் இருமுறை பிரேக் ஒயில் குறைந்திருக்கக் கண்டோம். இருமுறையும் ஊற்றி நிரப்பினோம். வண்டியைப் பார்வையிட வந்தவர் நம்மிடம் முன்னாளில் யாப்பிலக்கணம் பயின்ற பழைய மாணவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சேர், ஒயில் குறைஞ்சா அது எங்கையோ போயிருக்கு. எங்க எண்டு பாத்தீங்களே?" விடை கூற நம்மால் இயலவில்லை. அன்று அவரிடம் மாணவராய் இருந்து கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அமுக்கம் குறைவின்றி எத்திசையும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் விதி. பௌதிகம் பயிலும் மாணவர் இதனை அறிவர். இவ்விதியைப் பயன்கொண்ட பிரேக், 1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூசன்பேர்க் காரில் நான்கு சில்லுகளுக்கும் பொருத்தப்பட்டது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் தலைமை உருளையில் உள்ள திரவம் குழாய்கள் வழியே தள்ளப்பட்டு, ஒவ்வொரு சில்லிலும் உள்ள சிற்றுருளையை அடைகின்றது. அங்குள்ள பிரேக் கட்டைகள் விரிந்து, சுழலும் டிறம்மை உரைஞ்சி நிறுத்துகின்றன. திரவம் எளிதிற் சுருங்காது; காற்றோ சுருங்கும். குழாயினுட் காற்றுப் புகின், காலின் வலிமை காற்றைச் சுருக்குவதிற் கழியுமேயன்றிக் கட்டையைச் சென்று சேராது. மிதி மெதுமையாவதன் தலையாய காரணம் இதுவே.

ஆயினும் மெதுமை யாவும் ஒன்றல்ல. மருந்து என்னும் அதிகாரத்தில், முதலில் நோயையும், அடுத்து அதன் காரணத்தையும் அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடுமாறு வள்ளுவர் மருத்துவனுக்கு முறை வகுத்தார். அம்முறை இங்கும் பொருந்தும். வண்டியை நிறுத்திவைத்து மிதியைக் காலால் ஆராய்க.

மிதி துள்ளும் தன்மையதாய், அடுத்தடுத்து மிதிக்குந்தோறும் சற்று உயர்ந்து இறுகுமாயின் உள்ளே காற்று உளது. துள்ளலின்றி வெறிதே நெடுந்தூரம் கீழிறங்கிப் பின் கல்போல் நிற்குமாயின் கட்டைகள் தேய்ந்து டிறம்மினின்று விலகியுள்ளன; அவற்றை நெருக்கி அமைத்தல் வேண்டும். ஒரே அழுத்தத்திற் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்லத் தாழுமாயின், திரவம் வெளியே கசிகின்றது, அல்லது தலைமை உருளையின் றப்பர்க் கிண்ணம் தேய்ந்து திரவத்தைப் பின்னே விடுகின்றது. நெடிய மலையிறக்கத்தின் பின் மட்டும் மெதுமை தோன்றின், திரவம் கொதித்து ஆவியாயிற்று என்க. ரம்பொடை இறக்கம் போன்ற வழிகளில் தாழ்ந்த கியரில் இறங்குவது இதனாலேயே.

திரவம் கொதிப்பதேன்? பிரேக் ஒயில் என நாம் வழங்கினும் அது எண்ணெய் அன்று. ஈரத்தை உறிஞ்சும் இயல்பினதாகிய கிளைக்கோல் வகைத் திரவம். டொட் 4 என்னும் தரத்தினது புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலையிற் கொதிக்கும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழும். ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று. பெயரை நம்பி எஞ்சின் ஒயிலை ஊற்றுவோர் றப்பர்களை ஊதச்செய்து பிரேக்கை முற்றாக அழிப்பர். சொல் மயக்கம் உயிருக்கே ஊறாகும் இடம் இது.

இனி, காற்றை வெளியேற்றும் முறை. கசிவு இருப்பின் முதலில் அதனைத் திருத்துக. சமதரையில் வண்டியை நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைக்க. ஜக்கை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்துக. டிறம்மினுட் பழைய தூசு இருப்பின் ஊதுதல் ஆகாது. பழைய கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருத்தல் கூடும். ஈரத் துணியால் துடைக்க. அடுத்துக் கட்டைகளை நெருக்கி அமைக்க. மொறிஸ் மைனரில் முன்சில்லு ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகிகளும் பின்சில்லுக்கு ஒன்றும் உள. சில்லு இறுகும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, ஒரு படி பின்வாங்குக.

தலைமை உருளை சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழ் உள்ளது. அதன் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின்னரே திறக்க. முத்திரை உடைக்காத போத்தலிலுள்ள புதிய திரவத்தையே நிரப்புக. அது வண்டியின் வர்ணத்தில் வீழின் வர்ணம் உரியும், உடனே கழுவுக.

தலைமை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குக. நம் நாட்டு மொறிஸ் மைனரில் இடப்பக்கப் பின்சில்லு முதலாவது; பின்னர் வலப் பின்சில்லு, இட முன்சில்லு, வல முன்சில்லு. சில்லின் பின்புறத்தில் நிப்பிள் எனப்படும் சிறு துளையாணி உண்டு. அதில் ஒளிபுகும் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள போத்தலில் அமிழ்த்துக. வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க. குமிழியுடன் திரவம் வெளியேறும். மிதி கீழே இருக்கும்பொழுதே நிப்பிளை மூடுக. மூடிய பின்னரே மிதியை விடுக. இவ்வொழுங்கு பிறழின் வெளியேறிய காற்று மீண்டும் உட்புகும். ஆதலின் "மிதி", "பிடி", "விடு" என உரக்கச் சொல்லிச் செய்க. குமிழி அற்றுப்போகும்வரை தொடர்க. நாலைந்து மிதிக்கு ஒருமுறை தலைமை உருளையை நிரப்புக. அது வற்றின் பட்ட பாடெல்லாம் வீண். வெளியேறிய திரவத்தை மீண்டும் ஊற்றற்க.

முடிந்தபின் ஒரு நிமிடம் மிதியை வன்மையாக அழுத்திப் பிடிக்க. தாழாது நிற்றல் வேண்டும். நான்கு நிப்பிளும் உலர்ந்துள்ளனவா எனப் பார்த்து, ஆளற்ற ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பின்னரே தெருவுக்கு வருக. இக்காலத்துக் கார்கள் சிலவற்றில், சில்லு பூட்டாது காக்கும் மின்னணு அமைப்புக்குத் தனிக் கருவி தேவைப்படும். செய்தோர் தந்த கைந்நூலின் வழி நிற்க. மனத்தில் ஐயம் எஞ்சின் தொழில் அறிந்தாரிடம் ஒப்படைக்க.

நமது காரில் நிகழ்ந்தது யாது? பின்சில்லு ஒன்றின் சிற்றுருளையில் றப்பர் தேய்ந்து கசிந்திருந்தது. டிறம்மினுள் மறைந்து ஊறியதால் வெளியே ஒரு துளியும் தெரியவில்லை. மொறிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே திரவ வழியாதலின், ஓரிடத்துக் கசிவு நான்கினையும் செயலிழக்கச் செய்தது. புதிய றப்பர் இடாது காற்றை மட்டும் வெளியேற்றியிருப்பின் மிதி சிலநாள் இறுகியிருக்கும். நாமும் நோய் தீர்ந்ததென எண்ணி, பின்னொருநாள் அதே தெருவில் அவ்வாறே மிதித்திருப்போம்.

ஆதலின் வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே. குறைந்ததை நிரப்புமுன், ஏன் குறைந்தது என வினவுக. மூன்றாம் முறையும் வினவாது நிரப்பியிருந்தால் அந்த ஒரு முழமும் எஞ்சியிராது.