விளிம்பு மறையட்டும், விவரம் மறையவேண்டாம்

குடும்பத்துப் புகைப்படங்களைப் பேணிவைக்கும் அல்பம் இன்று தன் உருவை மாற்றிக்கொண்டு வருகிறது. கறுத்த மட்டைத் தாளிலே படங்களை ஒட்டிவைத்த காலம் ஒன்று இருந்தது. இப்பொழுதோ படத்தையும், அதனோடு சேர்ந்த கடிதத்தையும், கலியாண அழைப்பிதழையும் கணினியிலே ஒரே பக்கமாக அமைத்து அச்சிட்டுக்கொள்கின்றனர். இத்தகைய மின்னணு நினைவேடுகளைத் தயாரிக்கும் இளைஞரைப் பெரிதும் கவர்வது, படத்தின் நாற்புறக் கோடும் தெரியாவண்ணம் அதனைப் பின்னணியோடு கரைந்துபோகச் செய்யும் வித்தையாகும். கற்பதற்கு அது எளிது. எனினும், அவசரக்காரர் கையிலே வீட்டில் எஞ்சியுள்ள ஒரேயொரு படமும் பழுதாகிவிடக்கூடும்.

இவ்வித்தை கணினியோடு பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பயன்பட்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக உணர்ந்தன. ஆதலால், கடல் நன்கு பதியுமாறு படமெடுத்தால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். பிரான்சு நாட்டுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே என்பார் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து, அடிவானக் கோட்டிலே இரண்டையும் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் இங்கிலாந்திலே ஒஸ்கார் ரெயிலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை இணைத்து ஒரு பெருஞ்சித்திரம் ஆக்கினார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து தகடுகளைக் கொண்டு, மரணப்படுக்கையிலுள்ள ஓர் இளம் பெண்ணின் காட்சியை அமைத்தார்.

நம் பாட்டன்மாரின் ஸ்ரூடியோப் படங்கள் சிலவற்றிலே, தோளுக்குக் கீழே உருவம் மெல்ல மெல்ல வெண்மையிற் கரைந்து நிற்பதைக் காணலாம். இதற்கு விக்னெட் என்று பெயர். பழைய நூல்களின் ஓரங்களை அழகுசெய்த திராட்சைக்கொடிச் சித்திரத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல் இது. முட்டைவடிவத் துளை வெட்டிய மட்டையொன்றைப் பெருப்பிக்கும் கருவியின் வில்லைக்கும் தாளுக்கும் இடையே பிடித்து, அதனை ஓயாது அசைத்துக்கொண்டிருப்பர். மட்டை அசைவதனாலேயே ஓரம் கோடாக விழாது நிழல்போலப் படிந்தது.

அந்த மட்டையின் வேலையையே இன்று கணினியில் மாஸ்க் எனப்படும் மறைப்புத்திரை செய்கிறது. 1990இல் விற்பனைக்கு வந்த போட்டோஷொப் மென்பொருள், 1994இல் தன் மூன்றாம் பதிப்பிலே லேயர் என்னும் அடுக்குமுறையைக் கொண்டுவந்தது. ஜிம்ப் என்னும் மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. அதற்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை. பின்னணி கீழடுக்கிலும் படம் மேலடுக்கிலும் இருக்கும். மேலடுக்கின் மறைப்புத்திரையிலே கறுப்பைத் தீட்டிய இடத்திற் படம் மறையும். வெள்ளை உள்ள இடத்தில் முழுமையாகத் தெரியும். சாம்பல் நிறம் உள்ள இடத்திலே பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நிற்கும். ஆகவே வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக மாறும் சாயலைப் பூசினால் விளிம்பு தானே கரைந்துவிடும். அழிப்பானைக் கொண்டு ஓரத்தைத் தேய்ப்பவர், அழிந்த பகுதியை அவ்வடுக்கிலிருந்தே இழந்துவிடுகிறார். மறைப்புத்திரையிலே தவறு நேரின், வெள்ளையைப் பூசி மறைந்ததை மீட்டுக்கொள்ளலாம்.

பழைய கடிதமொன்றின் கையெழுத்தைப் பின்னணிமேற் படியச்செய்ய வேண்டுமாயின் மல்ற்றிப்ளை, அதாவது பெருக்கல் என்னும் கலப்பு முறை உதவும். கணினி வெண்மைக்கு 255 என்றும் கருமைக்கு 0 என்றும் எண் கொடுக்கிறது. இம்முறையில் மேலடுக்கின் எண்ணையும் கீழடுக்கின் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கிறது. மேலே வெண்மை இருப்பின் கீழுள்ள நிறம் மாறாது. கருமை இருப்பின் கருமையே எஞ்சும். எனவே தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். பழைய தாள் பழுப்பேறியிருக்குமாதலால் முதலில் அதனை வெளிறச் செய்தல் வேண்டும். இல்லையேல் கடிதத்தின் நாற்சதுரம் கறைபோலத் தெரியும்.

விளிம்பு மறைந்தும் சில பக்கங்கள் ஒட்டுவேலையாகவே தோன்றுவதுண்டு. முகத்தில் ஒளி இடப்புறமிருந்து விழுகையில் பின்னணியின் ஒளி வலப்புறமிருந்து வருவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். பழைய படத்திலே நுண்மணிகள் பரந்திருக்கப் பின்னணி வழவழப்பாக இருப்பதும் கண்ணை உறுத்தும். பின்னணிக்கும் சிறிது மணித்தன்மை சேர்த்து, அதன் நிறத்தையும் படத்தினின்றே தெரிந்தெடுத்தால் இரண்டும் இசைந்துபோகும். பன்னிரண்டு அங்குலச் சதுரப் பக்கத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஒரு புறத்துக்கு 3600 புள்ளிகள் வேண்டும். ஆதலால் சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகளிலே ஸ்கேன் செய்துகொள்வது நன்று.

இத்துணையும் கைத்திறன் பற்றியது. இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. நாம் மறைக்கும் விளிம்பு வெறும் விளிம்பன்று. படத்தின் ஓரத்திலே அரைகுறையாகத் தெரியும் வேலியும், கிணற்றுக்கட்டும், பாதி அகப்பட்ட ஓர் உறவினரின் முகமும் அவ்வீட்டின் சரித்திரமாகும். 1983க்கும் 2009க்கும் இடைப்பட்ட போர்க்காலத்திலே இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல தம் அல்பங்களையும் இழந்தன. அத்தகைய வீடுகளிற் பிழைத்திருக்கும் ஒரு படத்தின் ஓரமே, இன்று இல்லாத வீட்டுக்கு எஞ்சிய ஒரே சாட்சியாகவும் இருக்கலாம். அழகுக்காக அதனைக் கரைத்துவிட்டு மூலப்பிரதியைப் பேணாது விடுவோமாயின், அவ்வீட்டை நாம் இரண்டாந்தடவை இழந்தவராவோம்.

ஆகையால் வேலையைத் தொடங்குமுன் படத்தை முழுமையாக, ஓரத்து வெள்ளைக் கரையோடும் ஸ்ரூடியோ முத்திரையோடும் பிரதிசெய்து தனியே வைத்தல் வேண்டும். பின்புறத்தில் ஏதும் எழுதியிருப்பின் அதனையும் பிரதிசெய்க. ஜேபெக் கோப்பு, திருத்திச் சேமிக்குந்தோறும் சிறிது தரம் குன்றும்; எனவே மூலப்பிரதிக்கு ரிஃப் கோப்பே தகும். வெவ்வேறு காலத்து இருவரை ஒரே பக்கத்தில் இணைத்தால், இது இணைத்த படம் என்று அடியிலே ஒரு வரி எழுதிவைத்தல் நேர்மையாகும். பின்வரும் பேரப்பிள்ளைகள் அதனை உண்மையில் நிகழ்ந்த காட்சியென நம்பிவிடலாகாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருளின் நுட்பங்களை எப்பொழுதும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் படத்தில் நிற்பவர் யார், எவ்வூர், எந்த ஆண்டு என்று சொல்லத்தக்க அம்மம்மாவும் அப்பப்பாவும் எப்பொழுதும் இருக்கப்போவதில்லை. அடுத்த விடுமுறையில் அவர்கள் அருகமர்ந்து, ஒவ்வொரு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னணியைப் பிறகு தேடலாம்.